ஏழு பேருக்கு மூன்று தட்டு

ராஜபாண்டி அன்று காலை வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, பொம்மைகளுக்கு மீசை வரைந்தது.

துணி காயப்போடும் மரக் கிளிப்புகளில் ஏழை எடுத்து, மிச்சத் துணியைச் சுற்றி, சிலவற்றைச் சேலைக்காரிகளாகவும் சிலவற்றைச் சட்டைக்காரர்களாகவும் முத்துச்செல்வி ஆக்கி வைத்திருந்தாள். முகம் வரைவதுதான் பாக்கி. அவள் அடுப்படியில் இருந்து வருவதற்குள், ஒரு கையில் டீயும் ஒரு கையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவுமாக அவன் ஏழுக்கும் முகம் வரைந்து முடித்திருந்தான். ஏழுக்கும் மீசை.

"ஏங்க, சேலை கட்டினவளுக்குமா மீசை வைப்பாங்க?"

"ஏளா, ஒங்க கோயில்பட்டி சித்திக்கு இல்லியா?"

"விளையாடாதீங்க. இது பரீட்சைக்கு."

"ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்குப் பொம்மைய வச்சா பரீட்சை? நாங்க படிக்கையில பிரம்ப வச்சுல்லா பரீட்சை."

"ஏழு பேரு சாப்பிட வந்திருக்காங்க, தட்டு எடுத்து வைன்னு சொல்லணும். எத்தன தட்டுன்னு சொல்லக் கூடாது. பிள்ளை கையால செய்யுததப் பாத்துத்தான் மார்க்கு."

"அப்ப எனக்கும் போடு. காலையில நாலு தோசைய கையால முடிச்சிருக்கேன்."

"தின்னதுக்கெல்லாம் மார்க்கு கிடையாது."

"கையாலதான தின்னேன்?"

கறுப்பு மை ஒட்டிய கட்டைவிரலைச் சட்டையில் துடைக்கப் போனான். அவள் போட்ட சத்தத்தில் கையை உயர்த்திக்கொண்டே செருப்பை மாட்டி, வண்டியை எடுத்துத் துறைமுகத்துக்குப் போனான். அங்கே அவன் கிரேன் ஓட்டுநர். பதினோரு மணி டீக்குக் கீழே இறங்கி வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மில்லர்புரம் வீட்டுக் கூடத்தில் குளிப்பாட்டிப் புது வேட்டி உடுத்திக் கிடத்தினார்கள். யார் யாரோ மாலை கொண்டு வந்தார்கள். முத்துச்செல்வி அவனுடைய வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தண்ணீர் ஊற்றியும் அந்த மை போகவில்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் பேச்சென்று இருந்தது அவர்கள் இருவருடையது மட்டும்தான். அவன் பேசுவான், அவள் மறுப்பாள். அவள் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லுவாள், அவன் அதில் மூக்கை நுழைப்பான். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கயத்தாற்றுக்கும் கோயில்பட்டிக்கும் திரும்பிப் போன பிறகு, அடுப்படியில் ஃப்ரிட்ஜ் ஓடி நிற்கிற ஓசை இத்தனை பெரிதா என்று அவள் முதல் முறையாகக் கவனித்தாள்.

விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போனாள். பள்ளி காயல்பட்டினத்தில். அந்த வருடம்தான் அங்கே மாறுதலாகி இருந்தாள். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பேருந்து. ஆறுமுகநேரி உப்பளம் தாண்டினால் அடுத்தது இறங்கும் இடம். தலைமையாசிரியை கிருபாபாய் நல்ல மனுஷி. மதியம் ஆசிரியைகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவளையும் கூப்பிடுவார். ஒருநாள் போனாள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு அவள் உட்கார்ந்ததும் நின்றுபோனது. ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி தன் டப்பாவிலிருந்து அவள் கேட்காமலே கூட்டு வைத்தாள். மறுநாளிலிருந்து, திருத்த வேண்டியது கிடக்கிறது என்று சொல்லி, வகுப்பறையிலேயே தனியாகச் சாப்பிட்டாள்.

பருவத்தேர்வு வாரம் வந்தது. ஒன்றியத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர் விக்டர் வந்தார். பேனா பென்சில் இல்லாமல் பிள்ளைகள் கையால் செய்து காட்டும் தேர்வு அது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டு எடுக்கும். சீட்டில் உள்ள வேலையைச் செய்யும். செய்வதைப் பார்த்து, கையேட்டில் உள்ள விடையோடு ஒப்பிட்டு, அது அரும்பா, மொட்டா, மலரா என்று செல்போன் செயலியில் ஏற்றவேண்டும். அடிநிலைப் பிள்ளைகள் அரும்பு. இந்தப் பள்ளியில் அரும்புப் பிள்ளைகளை மூன்று மாதத்துக்குப் பக்கத்து அறையில், ஒன்றாம் வகுப்போடு உட்கார வைப்பது வழக்கம்.

அஸ்கருக்குப் பெஞ்சை அளக்கும் சீட்டு வந்தது. சாண் சாணாக வைத்துக்கொண்டே போய், "பதினாலு சார்," என்றான்.

விக்டர் தானும் அளந்து காட்டினார். "எனக்கு எட்டுதான வருது?"

"ஒங்க கை பெருசு சார். அதுக்கு நான் என்ன செய்ய?"

விக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அஸ்கர் மலர்.

கடைசியாக ஹனீன். வாப்பா சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். பிள்ளை உம்மாவோடு அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பி, பள்ளி தொடங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் சேர்ந்தாள். வகுப்பில் அவள் குரலை முத்துச்செல்வி கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்காரும் பாஹிமாவிடம் மட்டும் காதோடு ஏதோ சொல்லுவாள். பாஹிமா எழுந்து நின்று, "டீச்சர், இவளுக்குத் தண்ணி குடிக்கணுமாம்," என்று அறிவிப்பாள். வருகைப் பதிவுக்குக்கூட அவளுக்கும் சேர்த்து பாஹிமாதான் 'உள்ளேன் டீச்சர்' சொல்லுவாள்.

ஹனீன் எடுத்தது தட்டுச் சீட்டு.

முத்துச்செல்வி பெட்டியைத் திறந்து, அந்த ஏழு பேரையும் மேசைமேல் எடுத்து வைத்தாள். அன்று காலைக்குப் பிறகு அவற்றைத் தொடுவது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒரு குவியல் பிளாஸ்டிக் தட்டு வைத்தாள்.

"பாப்பா, இவங்கள்லாம் ஒங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்காங்க," என்றார் விக்டர். "தட்டு எடுத்து வச்சு எல்லாரையும் உக்கார வை, பாப்போம்."

ஹனீன் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகத்தைப் பார்த்தாள். மீசை வைத்த சேலைக்காரியைச் சற்றுக் கூடுதல் நேரம் பார்த்தாள். பிறகு ஒரு தட்டை வைத்து, அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இன்னொரு தட்டு, இரண்டு பேர். மூன்றாவது தட்டில் மீதி மூன்று பேர். கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏழு பேரு இருக்காங்களே, தட்டு போதுமா?"

போதும் என்று தலையை ஆட்டினாள்.

"நல்லாப் பாரு."

அவள் நல்லாப் பார்த்தாள். மூன்று பேர் இருந்த தட்டில் ஒருவரைக் கொஞ்சம் நெருக்கி உட்கார வைத்தாள். மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் விக்டர் கையேட்டைப் பிரித்துக் காட்டினார். எதிர்பார்க்கும் விடை: ஏழு.

"ஒண்ணுக்கு ஒண்ணு பொருத்துறதே வரலியே டீச்சர். இது எல்கேஜி வேலை. அரும்புதான்."

"கணக்கு நல்லாப் போடுவா சார். நோட்டப் பாருங்க."

"நோட்டுல பக்கத்துப் பிள்ளையப் பாத்துப் போடலாம். கையில வரணும்லா? அதுக்குத்தான இவ்வளவு பாடு."

"அந்த ரூம்ல பாஹிமா இருக்க மாட்டா சார்."

"யாரு பாஹிமா?"

"இவ பேசுத ஒரே பிள்ளை. அவளப் பிரிச்சா இவ பேச்சு சுத்தமா நின்னுரும்."

விக்டர் செல்போனை அவள் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் கேலி இல்லை. "அதுக்கு இதுல கட்டம் இல்லியே டீச்சர். சரி, சனிக்கிழம சாயந்தரம்தான் இந்த ஆப்பப் பூட்டுவாங்க. அதுக்குள்ள அவ ஏன் அப்பிடி வச்சான்னு கேட்டுச் சொல்லுங்க. ஏத்துக்கிடுத மாரி இருந்தா மாத்திருவோம்."

ஹனீனிடம் கேட்டாள். அவள் பாஹிமாவைத் திரும்பிப் பார்த்தாள். பாஹிமாவை விட்டுக் கேட்கச் சொன்னாள். இருவரும் காதோடு பேசிக்கொண்டார்கள். "டீச்சர், எல்லாருக்கும் வச்சிட்டாளாம்," என்றாள் பாஹிமா. அவ்வளவுதான்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துக்குப் போகாமல் ஹனீன் வீட்டுக்கு வழி கேட்டு நடந்தாள். வீட்டில்போய் யாரிடமும் சொல்ல முடியாத விஷயமாக இது இருந்தது அவளுக்கு. அடுத்த அறைக்குப் போகவேண்டிய ஒரு குழந்தை, மூன்று மாதம், இதற்கா இத்தனை தவிப்பு என்று யாரும் கேட்பார்கள். ஆனால் பேசுவதற்கென்று இருக்கிற ஒரே ஆளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்கு ஒன்றின் வழியே யாரோ கூட்டிப்போய் விட்டார்கள். வீட்டு வாசலில் சீரியல் விளக்கு. உள்ளே நெய்ச்சோற்று வாசனை. பெண்களின் சத்தம். ஹனீனின் மாமா முஜாஹித்துக்கு மறுநாள் நிக்காஹ் என்று தெரிந்தபோது முத்துச்செல்விக்குக் கால் நின்றுவிட்டது. அவளுடைய சனத்தில் தாலி இறங்கிய கையோடு யாரும் கல்யாண வீட்டுப் படி ஏறுவதில்லை. அவளும் அத்தனை நாள் எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. திரும்பினாள்.

"டீச்சரா? ஏன் வாசல்லயே நிக்கிறீங்க, உள்ள வாங்க," என்று ஹனீனின் உம்மா ராஹிலா வந்துவிட்டாள்.

"இல்லம்மா, நாள் பாக்காம வந்துட்டேன். என் வீட்டுக்காரரு தவறிட்டாங்க. இப்ப நான் இங்கன..."

"தெரியும் டீச்சர், ஹனீன் சொன்னா." ராஹிலா குரலைத் தாழ்த்தினாள். "இத்தா முடிஞ்சிட்டா? அதுக்குள்ள வெளிய வந்துட்டீங்களே."

"அப்பிடின்னா?"

"புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு பொம்பள வீட்ட விட்டு வெளிய வர மாட்டா. அதான் கேட்டேன்."

"எங்கள்ல அது இல்ல. லீவு முடிஞ்சுது, வந்துட்டேன்."

"இங்க அந்த நாளெல்லாம் வீடு நெறைய ஆளு இருக்கும். ராத்தா, மாமி, சாச்சி, ஒருத்தி போனா ஒருத்தி வருவா. ஒங்க கூட யாரு இருந்தா?"

முத்துச்செல்வி பையைத் தோள் மாற்றிப் போட்டாள். ராஹிலா அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். கல்யாண வீட்டில் யாரும் அவள் கழுத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளையப் பத்திப் பேசணும்மா."

"மொதல்ல சாப்பாடு. பேச்சு எங்க போவப் போவுது?"

நீளக் கூடத்தில் விரிப்பு போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் என்பதால் அவளுக்கு ஓரமாக மரியாதையான இடம். புதிய எவர்சில்வர் தட்டு, ஸ்பூன், டம்ளர், பக்கத்தில் கை துடைக்கக் காகிதம். நெய்ச்சோறும் கறியும் கத்தரிக்காயும் தனித்தனிக் கிண்ணத்தில் வந்தன. அவள் தட்டுக்கு இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்து வகுப்பறையைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்ததுபோல இருந்தது.

ஸ்பூனை எடுக்கும்போது முன்னால் நிழல் விழுந்தது. ஹனீன். ஜரிகைப் பாவாடை, கையில் புது மருதாணி. ஒன்றும் சொல்லாமல் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்திலிருந்த கறியைத் தட்டின் நடுவில் கொட்டினாள். தன் பக்கத்துச் சோற்றில் கையை வைத்தாள்.

"ஏளா ஹனீன்! அது டீச்சரோட தட்டு, எந்திரி!" ராஹிலா ஓடிவந்தாள்.

ஹனீன் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர் ஒத்தையா இருக்காங்க உம்மா."

அதுதான் முத்துச்செல்வி முதன்முதலாகக் கேட்ட அவள் குரல். கொஞ்சம் கரகரப்பான குரல்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். எங்களுக்கு விருந்துன்னா சஹன் சாப்பாடுதான். ஒரு சஹனுக்கு ரெண்டு பேரு. தனியா வைக்கிறது வெளியாளுக்குத்தான். இது அத நெனச்சு..."

"இருக்கட்டும். இருக்கட்டும்மா."

அவள் கூடத்தைப் பார்த்தாள். விரிப்பின் நீளத்துக்கும் சஹன்கள், பெரிய வட்டத் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டு பேர், எதிரும் புதிருமாக, பேசிக்கொண்டே ஒரே தட்டில். கடைசித் தட்டில் மட்டும் மூன்று பேர். அந்த மூன்றாவது பெண்ணுக்கு இடம் விட, மற்ற இருவரும் முட்டியை ஒடுக்கி நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆளு ஒத்தப்படையா வந்தா?" என்று கேட்டாள்.

"கடைசிச் சஹன்ல மூணு பேரு உக்காருவாங்க. ஒருத்தரத் தனியா விடலாமா?"

ஹனீன் நல்ல கறித்துண்டாகப் பார்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதில் ஒன்றை டீச்சர் பக்கம் தள்ளிவிட்டாள். முத்துச்செல்வி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டாள். தட்டில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து போவது அவளுக்குக் கண்ணில் நீர் முட்ட வைத்தது. கறியில் காரம் என்று ராஹிலா தண்ணீர் கொண்டுவந்தாள்.

பேருந்திலிருந்தே விக்டருக்கு ஃபோன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டார்.

"அட, ஆமா டீச்சர். நானும் ஒரு கல்யாணத்துல சஹன்ல சாப்பிட்டிருக்கேன். தோணவே இல்ல பாருங்க." சிரித்தார். "ஏழ ரெண்டு ரெண்டா பிரிச்சு மிச்சத்தையும் சேத்துட்டா. இது வகுத்தல்லா?"

"அப்ப மாத்துங்க சார்."

"நான் மாத்துவேன். மேல கேட்டா கையேட்டுல ஏழுன்னுதான இருக்கும்? ஒண்ணு செய்யுங்க. நாளைக்கு 'ஆளுக்கு ஒரு தட்டு'ன்னு சொல்லி நீங்களே இன்னொரு தடவ வச்சுப் பாருங்க. வச்சுட்டான்னா நான் போட்டுருதேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, கல்யாணம். ஹனீன் வரவில்லை. சனிக்கிழமையும் காலை முழுதும் அவள் இடம் காலியாக இருந்தது. முத்துச்செல்வி ராஹிலாவுக்கு இரண்டு முறை ஃபோன் செய்தாள். கல்யாண வீட்டில் யார் ஃபோனை எடுப்பார்கள்? பாஹிமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதிய மணி அடிக்கும் நேரத்தில் முடுக்கின் பக்கமிருந்து, சீருடை இல்லாமல் ஜரிகைப் பாவாடையோடு ஹனீன் வந்தாள். யாரோ ஒரு சின்னம்மா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

முத்துச்செல்வி பொம்மைகளை எடுத்து வைத்தாள். "ஹனீன், ஆளுக்கு ஒரு தட்டு. தனித்தனியா."

ஹனீன் யோசிக்கவே இல்லை. ஏழு தட்டை எடுத்து ஏழு பேர் முன்னாலும் சடசடவென்று வைத்தாள். வைத்து முடித்துப் பார்த்தபோதுதான் அவள் முகம் மாறியது.

"டீச்சர்," என்றாள். நேராக அவளிடம், பாஹிமா காதில் அல்ல. "இவங்கள்லாம் ஆஸ்பத்திரியிலயா இருக்காங்க?"

"ஏன்டா கேக்கே?"

"அங்கனதான் ஆளுக்கு ஒண்ணு."

பக்கத்திலிருந்த பாஹிமாவும் பொம்மைகளைப் பார்த்துப் பாவமாகத் தலையாட்டினாள்.

பூட்டுவதற்குள் விக்டர் மாற்றிப் போட்டுவிட்டார். ஹனீன் மொட்டு. பாஹிமாவுக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.

அன்று சாயங்காலம் மில்லர்புரத்தில் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பையை நாற்காலியில் வைத்தாள். ஹனீனிடம் ராஹிலா கொடுத்தனுப்பிய நெய்ச்சோற்று டப்பா உள்ளே கனத்தது. "ஏங்க," என்று தொடங்கினாள். ஆஸ்பத்திரி என்று அந்தப் பிள்ளை கேட்டதை அப்படியே அதே கரகரப்பான குரலில் சொல்லிக் காட்டவேண்டும் என்று நாக்கு நுனியில் இருந்தது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அதை அவன் சொல்லித்தான் கேட்கவேண்டும். பிறகு டப்பாவைத் திறந்து, அடுப்படியிலேயே, நின்றுகொண்டே சாப்பிட்டாள். நல்ல சாப்பாடு. பாதிக்குமேல் முடியவில்லை.

திங்கள்கிழமை மதியம் கிருபாபாய் வழக்கம்போல வகுப்பு வாசலில் நின்று கூப்பிட்டார். "இருக்குக்கா, திருத்த வேண்டியது இருக்கு," என்றாள். கிருபாபாய் போய்விட்டார். அவள் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். சன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஹனீனும் பாஹிமாவும் சத்துணவுத் தட்டை எதிரெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டு இரண்டு இருந்தாலும் இருவரும் முதலில் ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போனார்கள்.

அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும் என்று விக்டரிடம் சொல்லியிருந்தாள். அவரும் ஒன்றியக் கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் ரசித்தார்களாம். ஒரு அம்மா, காயல்பட்டினத்துக் கறிக்குப் பக்குவம்கூடக் கேட்டார்களாம். மேலே அனுப்பி வைக்கிறோம் என்றார்களாம்.

அடுத்த பருவத்துக்குப் புதுக் கையேடு வந்தது. அட்டை மாறியிருந்தது, படங்கள் வண்ணத்தில் இருந்தன. வீடு திரும்பும் பேருந்தில், பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு, முத்துச்செல்வி அதைப் பிரித்துப் பார்த்தாள். தட்டுச் செயல்பாடு பதினெட்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது. எதிர்பார்க்கும் விடை: ஏழு.